நான்காம் குளத்துச் சிவப்பு எழுத்து

நான்காம் குளத்தில் இறால் செத்து மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாளில் ஹேமநாதன் ஒரு நாற்காலியிலும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வாசலில் நிற்கும் காடியின் சாவியை எடுப்பான், வைப்பான். சுங்கை பட்டாணி வாடகை வீட்டின் முன்னறைக்கும் அடுப்படிக்கும் அவன் நடந்த நடையைப் பார்த்து, திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி தாரா பொறுமையிழந்தாள்.

"ஒண்ணு வெளிய போங்க, இல்ல ஒரு இடத்துல இருங்க. எனக்குத் தல சுத்துது, பூசிங்கா வருது."

வெளியே போனான். போக வேண்டிய இடம் எதுவென்று அவனுக்குத் தெரியும். புக்கிட் செலம்பாவில் காளியம்மாவின் வீடு. அங்கே போய்ச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அக்கா, அது உங்க தப்பில்ல, என் தப்பு. மொத்தம் ஆறு வார்த்தை. ஆறு வார்த்தை சொல்ல ஒரு ஆம்பளைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவனும் காடி ஓட்டிக்கொண்டே அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மெர்போக் ஆற்றங்கரையில், அலையாத்திக் காட்டை ஒட்டி, பத்துக் குளம் கொண்ட ஓர் இறால் பண்ணை. முதலாளி சிவகுரு. நீர்வழங்கல் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் சும்மா இருக்கத் தெரியாமல் இறால் வளர்க்க வந்தவர். காளியம்மா அங்கே பகல் நேரப் பொறுப்பாளர். நாற்பத்தேழு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள், தோட்டம் கைமாறியதும் இங்கே வந்தாள். வந்து ஆறு வருடம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு இறால் தின்னுமா தின்னாதா என்று சொல்லிவிடுவாள். ஹேமநாதன் அங்கே மாதம் நாலு முறை வந்து போகிற கம்ப்யூட்டர்காரன்.

இறாலுக்கு மூச்சு தண்ணீரில்தான். குளத்துக்குள் மின்சாரச் சக்கரங்கள் ஓயாமல் தண்ணீரை அடித்துக் கலக்கினால்தான் ஆக்சிஜன் நிற்கும். சக்கரம் நின்றால் இரண்டு மணி நேரம் போதும், குளமே சவக்காடு. அதற்காக ஹேமநாதன் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ஒவ்வொரு குளத்திலும் ஒரு கருவி ஆக்சிஜனை அளக்கும். பம்ப் கொட்டகையில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கறுப்புத் திரையில் வரி வரியாக எழுதும், கோப்பிலும் பதியும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த வரி 'பஹாயா' (மலாயில் ஆபத்து) என்று தொடங்கும். இன்னொரு நிரல் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். பஹாயா என்று தொடங்கும் வரி வந்த உடனே கொட்டகைக் கூரையில் இருக்கும் ஊதுகுழலை அலறவிடும். பண்ணையின் எந்த மூலையில் நின்றாலும் கேட்கும். இரண்டு வருடம் அது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

பிசகவே பிசகாத ஒன்றைச் சும்மா விட்டு வைக்கிற ஜாதி இல்லை கம்ப்யூட்டர்காரர்கள். ஆனால் இந்தத் தடவை கேட்டது காளியம்மாதான்.

"தம்பி, எல்லா எழுத்தும் ஒரே மாதிரி வெள்ளையா ஓடுது. கடுகு கொட்டுன மாதிரி இருக்கு. எது நல்லா இருக்கு, எது சாகப் போவுதுன்னு தேடிப் பாக்குறதுக்குள்ள அடுத்தது வந்துருது. கலர் போட்டுக் குடேன்."

"போட்டுரலாம்கா. ஆபத்துன்னா சிவப்பு."

"ஆபத்துக்கு எதுக்குச் செவப்பு? நெத்தியில வைக்கிறது."

"சந்தியில காடிய நிறுத்துற லம்பு மேரா செவப்புதானேக்கா?"

"லம்பு மேராவுல நம்ம ஆளுங்க யாரு நிக்கிறா?" என்று அவள் சிரித்தாள். சிவப்புக்கு ஒருவழியாக ஒப்புக்கொண்டவள், எச்சரிக்கைக்கு அவன் வைத்திருந்த மஞ்சளுக்கு மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. மஞ்சள் பூசி முகம் கழுவுகிறவளிடம் மஞ்சள் என்றால் பாதிச் சாவு என்று சொல்வது எப்படி? நீலமாக்கினான். நல்லதற்குப் பச்சை. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. திரை கண்ணுக்கு இதமாக ஆகிவிட்டது. காளியம்மா அவனுக்கு மீன் கறியோடு சோறு போட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். சிவகுருவுக்குச் சுங்கை பட்டாணி வீட்டிலும் ஒரு திரை உண்டு. கோப்பில் பதிவதை அது அப்படியே காட்டும். அன்று மாலை அவர் போன் செய்தார். "காளியம்மாவின்ர திரையில நிறமாம், என்ர திரையில இல்லையே. முதலாளிக்குக் கறுப்பு வெள்ளையோ?"

நிறம் அவருக்குப் போகாததற்குக் காரணம் இருந்தது. திரையில் நிறம் என்பது எழுத்துக்கு முன்னால் போகிற, கண்ணுக்குத் தெரியாத சில குறிகள்தான். திரை அவற்றைப் படித்து, காட்டாமல் விழுங்கிவிட்டு, அடுத்து வரும் எழுத்தைச் சிவப்பாக்கும். அதனால் நிறம் போடுகிற எந்த ஒழுங்கான நிரலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும்: எதிரே இருப்பது திரையா, கோப்பா? பார்ப்பது மனிதக் கண்ணா, இன்னொரு நிரலா? கண் என்றால் நிறம் போடும். இல்லையென்றால் வெறும் எழுத்தை மட்டும் கொடுக்கும். ஹேமநாதனும் அந்தக் கேள்வியை ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தான். சிவகுரு கேட்டதும் அதை எடுத்தெறிந்தான். கோப்புக்கும் நிறம் போகட்டும் என்று விட்டுவிட்டான். மெர்போக்கில் இன்னும் எட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் திரையில் நிறம் வந்ததும் "கெட்டிக்காரன் நீர்" என்றார். அன்று இரவு ஹேமநாதன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளிதான் விடுமுறை. தொழிலாளிகள் இருவரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள், காளியம்மா மட்டும்தான் பண்ணையில். மத்தியானம் இடியோடு மழை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மணிக்கு நான்காம் குளத்துச் சுவிட்சு விழுந்து சக்கரங்கள் நின்றன. காளியம்மா அப்போது பண்ணையின் கடைசியில், ஒன்பதாம் குளத்தில் வலை வீசி, இறாலை நிறுத்து எடை எழுதிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் நாலாம் குளம் தெரியாது, கொட்டகை மறைக்கும். அதற்காகத்தான் ஊதுகுழல். அவள் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது கரை முழுக்க இறால் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது.

சனிக்கிழமை காலை ஹேமநாதன் வந்தான். திரையைப் பார்த்தால் எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை இரண்டே காலிலிருந்து நாலாம் குளத்து வரிகள் சிவப்புச் சிவப்பாக, அழகாக நின்றன. பிறகு, ஒளிந்திருக்கும் குறிகளையும் கொட்டிக் காட்டச் சொல்லும் ஒரு கட்டளையைப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு பஹாயாவுக்கும் முன்னால் சிவப்புக்கான குறி ^[[31m என்று நின்றது.

பஹாயா என்று தொடங்கும் வரிக்காக அந்த இன்னொரு நிரல் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வந்த வரி எதுவும் பஹாயா என்று தொடங்கவில்லை. மனிதனுக்குச் சிவப்பாகத் தெரிந்தது நிரலுக்கு வேறு ஏதோ எழுத்தில் தொடங்கிய வேறு ஏதோ வரி. ஊதுகுழல் ஊதவே இல்லை. அவள் காதில் விழ அங்கே சத்தமே இருக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. எடுத்தெறிந்த கேள்வியைத் திரும்ப எழுதிச் சரியாக்க இன்னும் இரண்டு நிமிடம். கொட்டகையில் அப்போது யாரும் இல்லை. முதலில் சரி செய்துவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தப் 'பிறகு'தான் அவனைப் பிடித்த சனி.

பத்து மணிக்குச் சிவகுரு வந்தார். "மிஷினைப் பரிசோதிப்பம்" என்றார். நாலாம் குளத்துச் செத்த தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு கருவியை அதில் முக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊதுகுழல் அலறிய அலறலில் கூரை மைனாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன.

"மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் சிவகுரு. காளியம்மாவைப் பார்த்தார்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ நேத்தும் அடிச்சிருக்கும்யா" என்றாள் மெல்ல. "நாந்தான் கேக்கல."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறந்தால் போதும். ஹேமநாதன் வாளித் தண்ணீரைக் கொட்டப் போனான். அவன் இரண்டு நிமிடத்தில் சரி செய்தது அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றுவிட்டது. புதன்கிழமை வரை வேலைக்கு வர வேண்டாம், புதன் காலை பத்து மணிக்கு வந்து பதில் சொல்லும், பிறகு முடிவு சொல்கிறேன் என்று சிவகுரு அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்தே பண்ணைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். வெள்ளிக்கிழமைக் கோப்பு அங்கேதான் இருந்தது, உள்ளே சிவப்பு அப்படியே. அதை அழிக்கும் கட்டளையை எழுதினான். அழுத்தவில்லை. அழுத்தாததைத் தன் யோக்கியதைக்குச் சான்றாகக் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டான், அதுவும் நிற்கவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான்.

திங்கட்கிழமை அவன் புக்கிட் செலம்பாவ் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். செம்பனைத் தோட்டத்து மண் பாதை முடியும் இடத்தில் வரிசை வீடுகள். காளியம்மா வாசலில், வெயிலில், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலது கை இடுப்பில். என்ன நேர்த்திக்கடனோ என்று அவன் காடியைத் தள்ளியே நிறுத்தினான்.

எங்கோ செம்பனைக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் ஹாரன் ஒன்று கேட்டது. காளியம்மா கையைத் தூக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஹாரன், இன்னும் தூரத்தில். மறுபடியும் கை. அடுத்தது மிகவும் மெல்லியது, கொசு சத்தம்தான். அதற்கும் தூக்கினாள். ஹேமநாதனுக்குப் புரிந்ததும் காடிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணைத் திறந்தவள் அவனைப் பார்த்தாள். "அட, தம்பி. எப்ப வந்த? பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா. என்னாக்கா பண்றீங்க?"

"காதப் பாக்குறேன். எங்க வீட்டுக்காரர தள்ளித் தள்ளிப் போயி அடிக்கச் சொன்னேன். நேத்துலருந்து இதுதான் வேல. பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க." அவளும் சிரிக்கப் பார்த்தாள். "எல்லாம் கேக்குதுலா தம்பி. அன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல?"

பாதை முனையில் அவள் கணவன் காளிதாசன் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன்; மனைவிக்காக இன்றைக்கு நடை போகவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "இருவது ஆச்சு" என்றான். "இருவதுக்கு இருவது. இன்னும் தள்ளிப் போனா அடுத்த தோட்டம். அங்க வேல வாங்குற மண்டோர் என்னய அடிப்பான்."

ஹேமநாதனுக்கு மைலோ கலந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தான். ஆறு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இப்போது சொன்னால் ஆறு போதாதே? சனிக்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாளியைக் கொட்டப் போனதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் தள்ளத் தள்ள அந்த வாக்கியம் நீண்டுகொண்டே போனது. காளிதாசன் வேறு எதிரே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவா முடியும் என்று ஒரு சாக்கு கிடைத்தது. கிடைத்ததை அவன் விடவில்லை. "தைரியமா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தான். அயோக்கியத்தனத்துக்கு ஆறுதல் வார்த்தையைப் போல வசதியான போர்வை வேறில்லை என்று அவனுக்கே உறைத்தது. வீடு வரும் வரைக்கும் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கோலா கெடாவில் வேலை. படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு மீன் குளிர்க்கிடங்கு. வெப்பம் காட்டும் கருவி பொருத்த வேண்டும். கம்பியை மாட்டினான், கழற்றினான், தவறான இடத்தில் திரும்ப மாட்டினான். கிடங்குக்காரர் இரண்டு தடவை அவனைப் பார்த்துவிட்டு, "சாக்கிட்டா?" என்று கேட்டார். உடம்பு சரிதான் என்று தலையாட்டினான். அப்போதுதான் போன் வந்தது. காளியம்மா.

"தம்பி, பேசலாமா? வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கக்கா."

"கிளினிக்குப் போயிட்டு வந்தேன். காதுல மிசின் மாட்டிப் பாத்தாங்க. நல்லா இருக்காம். சின்னப் பொண்ணு காது மாதிரி இருக்குன்னு டாக்டரு சொல்றாரு." துறையில் லங்காவி போகும் படகு சங்கு ஊதியது. ஹேமநாதன் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். "காது நல்லா இருக்குன்னா, அப்போ மண்டதானே தம்பி கோளாறு? நீ படிச்சவன், சொல்லு. சத்தம் காதுல விழுந்தும் மண்டையில ஏறாமப் போவுமா?"

இந்த இடத்தில் அவன் சொல்லிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். கையில் போன் இருந்தது, பக்கத்தில் யாருமில்லை, கேட்கிறவளும் அவள்தான். சாக்கு எதுவும் மிச்சமில்லை.

"போகும்கா" என்றான். "அசதியில சில நேரம் அப்படி ஆகும்."

"அப்படியா." அவள் மூச்சு விடுவது கேட்டது. "சரி தம்பி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குப் பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்."

அன்றைக்கு மீதி நேரம் ஹேமநாதன் மீன் சந்தைக்குள் நடந்தான். ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் புகுந்தது. நண்டு விற்கிறவள் கூப்பிட்டாள், நின்றான், ஒன்றும் வாங்காமல் போனான். தன்மேல் அவனுக்கு வந்த அருவருப்பு கொஞ்சமல்ல. ஆனாலும் அருவருப்பு என்பது ஒரு வேலை அல்ல. அது வந்துவிட்டால் ஏதோ செய்துவிட்டது போல இருக்கும், அவ்வளவுதான்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பம்ப் கொட்டகையில் மூன்று பேர். சிவகுரு மேசைக்குப் பின்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு. காளியம்மா எதிரே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கோவிலுக்குப் போகிற நல்ல சேலையில். ஹேமநாதன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில். மிஷின் விஷயம் ஏதும் கேட்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று முதலாளிதான் வரச் சொல்லியிருந்தார்.

"சொல்லும் காளியம்மா" என்றார் சிவகுரு. குரலில் கடுமை இல்லை. தீர்மானித்துவிட்டவர்களுக்குக் கடுமை தேவைப்படாது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "கிளினிக்குல குடுத்ததுயா. காது நல்லா இருக்குன்னு போட்டிருக்கு."

"அப்ப ஏன் கேட்கேல்ல?"

"அதாங்கய்யா. காதுல கொற இல்ல. அப்போ கவனம்தான் இல்லாம இருந்திருக்கு. தம்பிகூடச் சொன்னிச்சு, அசதியில மண்டையில ஏறாமப் போவும்னு. ஆறு வருசமா ஐயா எனக்குக் கொற வெச்சதில்ல. என்னால ஒரு குளமே போச்சு. நானே நின்னுக்குறேன்யா. ஐயா நிறுத்துனீங்கன்னு வேணாம்."

தம்பிகூடச் சொன்னிச்சு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில், தனக்கு எதிராக அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டாள் அவள். அதுவும் நன்றியோடு.

"ஹாரன் அடிக்கவே இல்ல" என்றான் ஹேமநாதன்.

இருவரும் திரும்பினார்கள். "வெள்ளிக்கிழமை ஹாரன் அடிக்கவே இல்ல சார். அக்கா தப்பு இல்ல. நான் கலர் போட்டதுல கெட்டுப் போச்சு."

சிவகுரு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீர் இரக்கப்பட்டுக் கதைக்கிறீர். நல்ல மனம்தான். நிறம் போட்டால் குழல் எப்பிடி நிக்கும்? நான் என்ர கண்ணால சனிக்கிழமை பார்த்தனான், அது ஊதினது."

"காட்டுறேன் சார்." வெள்ளிக்கிழமைக் கோப்பைத் திறந்தான். திரையில் நாலாம் குளத்து வரிகள் ஓடின. பஹாயா, பஹாயா, பஹாயா. எல்லாம் குங்குமச் சிவப்பில், ஒரு குறையும் இல்லாமல்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் சிவகுரு.

"இப்பப் பாருங்க." ஒளிந்ததைக் கொட்டச் சொல்லும் கட்டளையைத் தட்டினான். சிவப்பு மறைந்தது. வெள்ளை எழுத்தில், ஒவ்வொரு பஹாயாவுக்கும் முன்னால் ^[[31m வந்து நின்றது. "இதுதான் சார் கலர். மனுசன் கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஹாரன் அடிக்கிற நிரல் இதையும் சேர்த்துத்தான் படிக்கும். அதுக்கு வரி பஹாயாவுல ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கல. உங்க வீட்டுத் திரைக்கும் கலர் வரணும்னு கோப்புக்குள்ளேயே கலர விட்டுட்டேன். விட்டிருக்கவே கூடாது."

சிவகுரு எழுந்து வந்து திரைக்குக் கிட்டே குனிந்தார். இன்ஜினியர் அல்லவா, அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "ஓ" என்றார். "அதுதான் சனிக்கிழமை துவக்கம் என்ர திரையில நிறமில்லாமல் போனதோ?"

"ஓம் சார்" என்றான், அவர் பாஷையிலேயே, தன்னையறியாமல்.

அவர் திரும்ப நாற்காலியில் சாய்ந்தார். ஹேமநாதன் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான். எட்டுப் பண்ணையும் போயிற்று, இந்தப் பண்ணையும் போயிற்று என்று கணக்குப் போட்டுவிட்டான். சிவகுரு சிரித்தார்.

"நுணுக்கமான பிழை காணும். நான் இலாகாவில இருந்த காலத்தில வால்வு ஒண்டு மாறித் திறந்து பாதி ஊருக்குத் தண்ணி இல்லாமல் செய்தனான். டெக்னிக்கல் பிழை ஆருக்கும் வரும். இனிக் கவனமாய் இரும், சரிதானே? காளியம்மா, நீர் வேலையப் பாரும். ஒண்டும் நினைக்காதையும்."

ஹேமநாதனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஐந்து நாளில் முதல் தடவையாக ஒரு ஸ்டூலை இழுத்து நிம்மதியாக உட்கார்ந்தான். இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு பட்டோம் என்றுகூடத் தோன்றிற்று. காளியம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தான்.

அவள் சந்தோஷப்பட்டவளாகத் தெரியவில்லை. மேசையில் கிடந்த கிளினிக் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்."

"என் தப்புன்னு இருந்தப்ப வேலைக்கே வராதன்னு சொன்னீங்க. தம்பி தப்புன்னதும் ஆருக்கும் வரும்னு சொல்றீங்க. எறா அதே எறாதானே ஐயா?"

சிவகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வேறு, இது வேறு என்பதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹேமநாதன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நான் போன் போட்டப்ப ஒனக்கு இது தெரியுமா தம்பி?"

இன்று காலைதான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல இடம் இருந்தது. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து தேதி பார்க்கப் போவதில்லை. அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"தெரியும்கா."

"திங்கக்கெழம வீட்டுக்கு வந்தப்ப?"

"தெரியும். சனிக்கெழமையே தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் வந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் குரல் சற்றும் உயரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு இருவது தடவ அடிச்சாரு. இருவதும் எனக்குக் கேட்டிச்சு. நீ நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்த. டாக்டரும் காது நல்லா இருக்குன்னாரு. அப்பவும் நான் எங் காத நம்பலியே தம்பி. ஒன்னயத்தான நம்புனேன்."

பத்தரை ஆகியிருந்தது, தீனித் தட்டுகளைத் தூக்கிப் பார்க்கிற நேரம். காளியம்மா நல்ல சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு முதலாம் குளத்துக்கு இறங்கிப் போனாள். அக்கா என்று ஹேமநாதன் ஒரு தடவை கூப்பிட்டான். அவளுக்குக் கேட்டிருக்கும், அவள் திரும்பவில்லை.